இல்லாத காலின் வலி

நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொள்ளாத மனிதர் எவரும் இருக்க முடியாது. அப்போது நடக்கிற ஒரு வேடிக்கையை நீங்கள் கவனித்திருக்கலாம். இடித்த அதே கணத்தில் இடித்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. உடனே ஒரு சுரீர். அதற்கும் பிறகு, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, கண்ணில் நீர் வரவழைக்கிற அந்த மந்தமான, நிஜமான வலி வந்து சேருகிறது. இடைப்பட்ட அந்த ஒரு வினாடியில், வரப்போவது இன்னதென்று நன்றாகத் தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். தந்தி வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை என்பது போல.

இதற்குக் காரணம் எளிமையானது. நரம்பு என்று நாம் ஒற்றைச் சொல்லால் சொல்லிவிடுவது உண்மையில் பல இழைகள் சேர்ந்த கட்டு. தொடு உணர்ச்சியைச் சுமக்கும் தடித்த இழைகளில் செய்தி வினாடிக்கு ஐம்பது மீட்டர் வரையிலும், அதற்கு மேலும்கூட ஓடும். நெடுநேரம் நின்று வருத்தும் வலியைச் சுமப்பவை மிக மெல்லிய இழைகள். அவற்றில் செய்தியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மனிதன் நிதானமாக நடக்கும் வேகம்! நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய மேதைகள் எண்ணியிருந்த காலத்தில், ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் ஒரு தவளையின் காலை வைத்துக்கொண்டு அதை அளந்துவிட்டார்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. வலி விரலில் இல்லை. விரலிலிருந்து புறப்படுவது வெறும் செய்தி. அது முதுகுத் தண்டு வழியாக மேலே ஏறி மூளையை அடைந்த பிறகுதான் வலி என்ற ஒன்று உண்டாகிறது. உண்டான பிறகு மூளை அதை எடுத்துக் கொண்டுபோய் விரலில் வைக்கிறது. நாமும் விரல் வலிக்கிறது என்று சொல்கிறோம்.

படிக்கும்போது இதெல்லாம் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. இதை நான் இருபத்தைந்து வயதில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

அந்த வயதில் எனக்கு இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. மனித இதயத்தை அறிந்தவன் என்ற நினைப்பு இருந்தது. என் பெரியப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. சர்க்கரை வியாதிக்காரர். நீண்ட நாள் சர்க்கரை கால்களின் நரம்பு நுனிகளைச் சிறிது சிறிதாக அழித்துவிடும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவருடைய இடது பாதம் மரத்துப் போயிருந்தது. மில் முற்றத்தில் ஒரு ஆணி ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேட்டியில் கறையைப் பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தாள். புண் ஆறவில்லை. விரல் கறுத்தது, பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் இருக்கும். பெரியம்மா ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ராத்திரி துணைக்கு நான் படுத்திருந்தேன். நடுநிசியில் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கட்டை விரல் ரொம்பக் குடையுதுப்பா. கொஞ்சம் பிடிச்சு விடேன்."

"எந்தக் கட்டை விரல்?"

"எடுத்தாங்களே, அந்தக் கால்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. "இல்லாத காலுக்கு வலி எங்கேயிருந்து பெரியப்பா வரும்? பேசாம தூங்குங்க" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தார். என்னிடம் ஒரு நாளும் அந்தக் காலைப் பற்றிப் பேசவில்லை. நானோ மறுநாளே நண்பர்களிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கால் உடம்போடு இருந்தபோது ஆணி ஏறியும் வலிக்கவில்லை. உடம்பை விட்டுப் போன பிறகு வலித்தது. வலி காலில் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு இந்தக் கணக்கு ஒரு நாளும் சரிக்கட்டாது.

பல வருஷம் கழித்து, வேறு ஏதோ தேடப்போன இடத்தில், இது மருத்துவ உலகுக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம் என்று படித்தேன். பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படைகளின் ரண வைத்தியர் ஆம்ப்ரோஸ் பாரே, கை கால் போன போர்வீரர்கள் போன உறுப்பு வலிப்பதாகச் சொல்வதை எழுதி வைத்திருக்கிறார். தத்துவ ஞானி டெகார்ட் 1641-இல் வெளியிட்ட தமது 'தியானங்கள்' நூலில் இதே செய்தியை எடுத்துக்கொண்டு, புலன்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று விசாரித்தார். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-இல் வலக்கையை இழந்தவர். இல்லாத அந்தக் கையை உணர முடிகிறதே, ஆத்மா இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று அவர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, கடற்படைக்காரர் ஒருவருக்குத் தோன்றக் கூடிய எண்ணம்தான்.

ஆனால் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தவர் வேறொருவர். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆயிரக் கணக்கான வீரர்கள் கை கால்களை இழந்தார்கள். பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே நடந்த ஒரு ஆஸ்பத்திரியில் அவர்களைக் கவனித்தவர் சைலஸ் வேர் மிட்செல் என்ற டாக்டர். பெரும்பாலோர் ஒரே மாதிரி சொன்னார்கள்: போன கை இருக்கிறது; விரல்கள் மடங்கி இறுகியிருக்கின்றன; நகம் உள்ளங்கையில் குத்துகிறது; பிரிக்க முடியவில்லை. மிட்செல் இதை முதலில் மருத்துவப் பத்திரிகைக்கு எழுதவில்லை. ஒரு கதையாக எழுதினார்! இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்பவன் தன் வரலாற்றைத் தானே சொல்வது போன்ற கதை. 1866-இல் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்ததாகவும், அது தமக்குத் தெரியாமலே அச்சாகிவிட்டதாகவும் அவர் பிற்பாடு சமாதானம் சொன்னார். எழுத்தாளன் என்ற முறையில் இந்த மாதிரிச் சமாதானங்களை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை.

வாசகர்கள் கதையை நிஜம் என்றே எண்ணிவிட்டார்கள். அந்த அபாக்கியவானுக்காகப் பணம் வசூலித்தார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்கே தேடிக்கொண்டு வந்தார்கள். இத்தனைக்கும் கதையின் முடிவில், ஆவிகளை அழைக்கும் ஒரு கூட்டத்தில், சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும் தன் கால்களின் ஆவிகள் வந்து சேர, அவன் எழுந்து சில அடிகள் நடக்கிறான்! ஐந்து ஆண்டுகள் கழித்து, 1871-இல், இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஆவி உறுப்பு' என்று பொருள்படும் பெயரை மிட்செலே தம் பெயரைப் போட்டு எழுதி நிலைநிறுத்தினார்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. இல்லாத ஒரு மனிதனின் இல்லாத கால்கள் வலிப்பதை நம்பிப் பணம் அனுப்பினார்கள் அந்த வாசகர்கள். நானும் அதே தொழில் செய்பவன். பிறக்கவே பிறக்காத பெண்களுக்காக உங்களைக் கண்ணீர் விடச் சொல்லிக் கேட்கிறவன். கூப்பிடு தூரத்தில் படுத்திருந்த மனிதர், என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர், வலிக்கிறது என்றபோது நான் அத்தாட்சி கேட்டேன்.

போன உறுப்பு ஏன் வலிக்கிறது? வெட்டுண்ட நரம்பின் முனை வெறுமனே கிடப்பதில்லை; முடிச்சு முடிச்சாக வளர்ந்து தானாகவே செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். தந்திக் கம்பியை நடுவழியில் ஒருவன் தட்டினால், அது எந்த ஊருக்கான கம்பியோ அந்த ஊரிலிருந்து வந்த தந்தி என்றுதானே இந்த முனையில் எழுதிக்கொள்வார்கள்? அந்த ஊரையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது இந்தக் குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இது மட்டும் முழுக் காரணம் அன்று. முனையை மறுபடி வெட்டி எடுத்தும் வலி போகாதவர்கள் நிறைய உண்டு.

மிச்சக் காரணம் மூளைக்குள் இருக்கிறது. கனடாவில் மாண்ட்ரியல் நகரத்து வைல்டர் பென்ஃபீல்டு 1930-களில் மூளை அறுவைச் சிகிச்சை செய்தபோது நோயாளிகளை விழித்திருக்க வைத்தே செய்தார். உலகத்து வலியையெல்லாம் உணர்கிற மூளைக்குத் தன்னைத் தொட்டால் வலி தெரியாது. தலைத் தோலை மரக்க வைத்தால் போதும். மெல்லிய மின்சாரத்தால் மூளையின் மேற்பரப்பை இடம் இடமாகத் தொட்டு, "எங்கே உணர்கிறீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு அவர் ஒரு படம் வரைந்தார். உடம்பு முழுவதும் மூளையின் மேல் ஒரு தேசப்படம் போலப் பதிந்திருக்கிறது. உதட்டுக்கும் கைவிரல்களுக்கும் பெரிய பெரிய ஜில்லாக்கள். முதுகு அத்தனைக்கும் ஒரு சின்ன கிராமம். இதில் ஒரு விசித்திரம், கையின் எல்லைக்கு அடுத்தாற்போல் இருப்பது முகம்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு புதிய கேள்வி கேட்டவர் நம்மவர். அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன். 1990-களின் தொடக்கத்தில், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு நுனியால் தொட்டார். அந்தத் தொடுகை கன்னத்திலும் தெரிந்தது, இல்லாத கட்டை விரலிலும் தெரிந்தது! காலியான நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வது போல, கையின் இடத்தை முகம் ஆக்கிரமித்துக்கொண்டதுதான் காரணம் என்று அவர் சொன்னார். அண்மை ஆண்டுகளில் வேறு சில ஆராய்ச்சியாளர்கள், கை போன பிறகும் மூளையில் கையின் படம் பெரும்பாலும் அழியாமல் அப்படியே இருக்கிறது என்று காட்டி, இந்த விளக்கத்தை மறுக்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், பெரியப்பாவின் மூளையில் அவருடைய இடது கட்டை விரல் இருந்தது என்பதில் இரு கட்சிக்கும் சந்தேகம் இல்லை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர், வக்கீல், குறுக்கிட்டார். "அப்படியானால் அது நிஜ வலி இல்லை என்று நீரே ஒப்புக்கொள்கிறீர். எல்லாம் மூளையின் கற்பனை."

இந்த வாதத்தைப் படித்தவர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கிறேன். மூளையில் நடப்பதால் அது பொய் என்றால், நிலைப்படியில் இடித்துக்கொண்ட வலியும் பொய்தான். அதுவும் மூளையில்தானே நடக்கிறது? கால் உள்ளவனின் வலியும் கால் இல்லாதவனின் வலியும் நடக்கிற இடம் ஒன்றே. ஒன்றுக்குக் காலை அத்தாட்சியாகக் காட்டலாம், மற்றதற்குக் காட்ட முடியாது. வித்தியாசம் அத்தாட்சியில் இருக்கிறது, வலியில் இல்லை.

அத்தாட்சியும்கூட நாம் நினைப்பது போல் நாணயமானது அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1944-இல், இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரையில் படுகாயமடைந்த சிப்பாய்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லக் கண்டு திகைத்தார். வயிறு கிழிந்திருக்கிறது, வலி இல்லை; அல்லது தாங்க முடிகிற வலி. காயம் அவர்களுக்குச் சாவிலிருந்து தப்பி வீட்டுக்குப் போக ஒரு டிக்கெட் என்று அவர் கருதினார். பெரிய காயம் இருந்து வலி இல்லாமல் போகலாம், காயமே இல்லாமல் வலி இருக்கலாம் என்றால், காயத்தை அளந்து வலியை மதிப்பிடுகிற நம் தராசு என்னத்துக்கு ஆகும்?

"அப்படிப் பார்த்தால் யார் வந்து வலிக்கிறது என்றாலும் நம்பிவிட வேண்டியதுதானா?" என்றார் வக்கீல். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி வருகிற பையன், நஷ்டஈட்டு வழக்கில் கழுத்துப் பட்டையோடு வருகிற ஆசாமி, லீவு லெட்டர் எழுதுகிற குமாஸ்தா என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். நியாயமான கேள்விதான். நானும் அந்தக் குமாஸ்தாவைப் போல லீவு லெட்டர்கள் எழுதியவன்தான்.

இதற்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நீதிபதிக்கு அத்தாட்சி வேண்டும். ஊரார் பணத்தைக் காக்கிறவர் அவர். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குள்ளும் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறோம்? பொய்யான வயிற்று வலியை நம்பினால் நான் இழப்பது என்ன? பையனுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும், எனக்குக் கொஞ்சம் அசட்டுப் பட்டம் கிடைக்கும். நிஜமான வலியை நம்பாவிட்டால், வலிக்கிறவன் இரண்டு சுமை சுமக்கிறான்: வலி ஒன்று, அதை யாரிடமும் சொல்ல முடியாமை ஒன்று. இரண்டாவது சுமையை அவன் தலையில் ஏற்றியது வியாதி அல்ல. ஏமாந்துவிடக் கூடாதே என்ற நம்முடைய பயம்தான்.

அந்தப் பயம் படிப்பறிவில்லாதவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். பச்சைக் குழந்தைகளின் நரம்பு மண்டலம் முற்றவில்லை, அவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகில் பலர் நம்பி, 1980-கள் வரையிலும்கூட, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அசையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். வலி தெரியாமலிருக்க மருந்து கொஞ்சமாக, அல்லது இல்லை. ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்த இந்திய டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்தும் கூட்டாளிகளும் 1987-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. வலி மருந்து பெற்ற சிசுக்களின் உடம்பில் அதிர்ச்சியின் ரசாயன அடையாளங்கள் குறைந்திருந்ததை அவர்கள் அளந்து காட்டினார்கள். அளந்து காட்டினார்கள் என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. குழந்தை அழுவதைக் கேட்டிருந்த தாய்மார்கள் எல்லோரும் அதுவரை சாட்சியாகக் கொள்ளப்படவில்லை.

மிட்செலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்களின் கண்ணுக்குத் தெரியாத கைகளை நம்பிய அதே மனிதர், பின்னாளில் மனச் சோர்வோடு வந்த பெண்களைப் படுக்கையில் போட்டு, நிறைய உண்ண வைத்து, எழுதவோ படிக்கவோ விடாமல் செய்யும் ஒரு சிகிச்சைக்குப் பெயர் போனவரானார். 1887-இல் அவரிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர், அந்தச் சிகிச்சையால் தாம் பைத்தியத்தின் விளிம்புக்கே போய்விட்டதாகச் சொல்லி, அந்த அனுபவத்திலிருந்து 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதையை எழுதினார். 1892-இல் வெளிவந்தது. ஒரு கதையால் உலகை நம்ப வைத்தவருக்கு, இன்னொரு கதையால் பதில் வந்தது.

வலி பற்றிய ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலியின் இலக்கணத்தைத் திருத்தி வெளியிட்டபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தது. சொல்ல முடியாதவர்க்கு வலியே இல்லை என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தது. பெரிய பெரிய டாக்டர்கள் கூடி எழுதிய குறிப்பு. அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது.

பெரியப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள் அவளிடம், அவர் போன காலைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று கேட்டேன். "சொல்லாமலா? தினம் ராத்திரி அதுதான்" என்றாள். துண்டை வாயில் கடித்துக்கொள்வாராம். அவள் எழுந்து உட்கார்ந்து, போர்வைக்குக் கீழே, கால் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே மெத்தையைப் பிடித்து விடுவாளாம். "இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், அங்கேதான்" என்று அவர் இடம் சொல்வாராம். சில ராத்திரி தூங்கிவிடுவார். சில ராத்திரி இல்லை.

"அங்கே கால் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே பெரியம்மா, சிரிப்பு வரலையா?"

"கால் இல்லைன்னு அவருக்கு மட்டும் தெரியாதா? வலிக்குதுன்னாரு. பிடிச்சு விட்டேன்." சற்று நேரம் கழித்து, "உங்கிட்டகூட ஒரு தடவை சொன்னாராமே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ராமச்சந்திரன் 1990-களின் நடுவில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். செலவு ஒரு கண்ணாடி. இருக்கிற கை கண்ணாடியில் பிரதிபலிக்கும்படி வைத்து, போன கை இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பிம்பம் தெரியும்படி பார்க்கச் செய்கிறார்கள். இருக்கிற கையை விரித்தால் பிம்பக் கையும் விரிகிறது. பல வருஷமாக இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் சிலருக்கு அந்த நிமிஷமே பிரிந்துவிட்டன. கண் சொன்னதை மூளை நம்பிவிட்டது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் 2007-இல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆஸ்பத்திரியில் கால் இழந்த சிப்பாய்களிடம் சோதித்தபோது, கண்ணாடி பார்த்தவர்களுக்கு வலி குறைந்தது.

பெரியப்பா படுத்திருந்த அறையில் ஒரு மர பீரோ இருந்தது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அவருக்குக் கால் வலித்த அந்த ஒன்றரை வருஷமும் அது அந்தக் கட்டிலுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தது. பெரியம்மாவும் போன பிறகு அந்த பீரோ என் பங்குக்கு வந்தது. சென்ற மாதம் ஒரு மத்தியானம் கண்ணாடியைக் கழற்றினேன். பின்புறம் எட்டுத் திருகாணிகள், இரண்டு துருப்பிடித்திருந்தன. கட்டிலில் உட்கார்ந்து இரு கால்களுக்கும் நடுவே அதை நிறுத்தி, வலது பாதத்தை மெல்ல நீட்டி மடக்கினேன். கண்ணாடிக்குள் ஓர் இடது பாதம் நீண்டு மடங்கிற்று. என் மனைவி வாசற்படியில் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். திருகாணி கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.